இடுப்புத் தளப் பிசியோதெரபி: இறுக்குவது பாதி, விடுவது மீதி

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது இரண்டு சொட்டு சிறுநீர் வந்துவிடுகிறது. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் கால்களைப் பின்னிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாநகரப் பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால் உள்ளாடை நனைகிறது. ஆண்களுக்கு வேறு மாதிரி: எல்லாம் முடிந்து ஜிப்பைப் போட்டுக்கொண்டு கழிப்பறையை விட்டு வெளியே வந்த பிறகு பேண்ட்டில் ஈரம். புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்தாலே கசிவு.

“புள்ள பெத்த உடம்பு அப்படித்தான்”, “வயசாச்சுல்ல” என்று சொல்லிக்கொண்டு பேட் வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி தசை சம்பந்தப்பட்டது. முழங்கால் தசைக்கும் தோள் தசைக்கும் பயிற்சி தருவதுபோல இதற்கும் தரலாம். அதற்கான சிகிச்சைதான் இடுப்புத் தளப் பிசியோதெரபி. மருத்துவமனைகளில் பெல்விக் ஃப்ளோர் பிசியோ என்பார்கள். யூடியூபில் பார்க்கிற கீகல் பயிற்சி, அதாவது இந்தத் தசையைச் சுருக்கி விடுவது, இதில் ஒரு துண்டு மட்டுமே. அந்தத் துண்டே சிலருக்குக் கெடுதல் செய்யும். ஏன் என்று புரிய, முதலில் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

தூளியும் சுருக்குப்பையும்

குழந்தைக்குக் கட்டும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு ஒரு முனை. பின்னால் வால் எலும்பு மறுமுனை. இரண்டுக்கும் நடுவே, பக்கவாட்டில் இடுப்பெலும்புகளைப் பிடித்துக்கொண்டு, தசைகள் தூளித் துணிபோல விரிந்திருக்கின்றன. பெண்களுக்குச் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இந்தத் தூளிக்கு மேல்தான் இருக்கின்றன. ஆண்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. சிறுநீர்ப்பைக்கு அடியில் புராஸ்டேட் என்கிற சுரப்பி உண்டு. இந்தத் துணியில் பெண்களுக்கு மூன்று வாய்கள், ஆண்களுக்கு இரண்டு. ஒவ்வொரு வாயையும் சுற்றி, பாட்டியின் சுருக்குப்பைக் கயிறுபோல இழுத்தால் மூடும், விட்டால் திறக்கும் தசை வளையங்கள்.

இதில் ஒரு பட்டை தனி வேலை பார்க்கிறது. முன் எலும்பிலிருந்து கிளம்பி, மலக்குடலுக்குப் பின்னால் சுற்றி, மறுபடி முன் எலும்புக்கே வந்து சேரும். குடலை முன்னோக்கி இழுத்து மடக்கி வைத்திருக்கும். தோட்டத்து டியூபை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்குமே, அதே தத்துவம். மலம் கழிக்கும்போது அந்தப் பிடி தளர வேண்டும். தளராவிட்டால் எவ்வளவு முக்கினாலும் வராது. முக்க முக்கத் தூளி தொய்ந்துபோவதுதான் மிச்சம்.

மூச்சோடும் இதற்குத் தொடர்பு உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்கு அடியிலுள்ள உதரவிதானம் கீழே இறங்குகிறது. இடுப்புத் தளமும் கூடவே இறங்கிக் கொடுக்கிறது. விடும்போது இரண்டும் மேலே ஏறுகின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் அழுத்தம் முழுவதும் கீழே தூளியின் மேல் போய் இறங்குவது இதனால்தான்.

தசை நார்களிலும் இரண்டு வகை. பெரும்பங்கு மெதுவாக, நீண்ட நேரம் களைப்பில்லாமல் உழைப்பவை. நாள் முழுக்க உறுப்புகளைத் தாங்குவது இவைதான். மீதி சட்டென்று இறுகுபவை. இருமல், தும்மல் வரும்போது இவை உதவிக்கு வரும். ஆகவே பயிற்சியும் இரண்டு விதமாக இருக்க வேண்டும். வெறுமனே ஐம்பது தடவை சுருக்கி விடுவது இரண்டில் ஒன்றைத்தான் பழக்கும்.

தளர்ந்த தசை, இறுகிய தசை

தளர்ச்சியின் காரணங்கள் பலருக்குத் தெரிந்தவையே: பிரசவம், குறிப்பாக ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமும் ஆழமான கிழிசலும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றம், தீராத இருமல், வருடக்கணக்கில் முக்கிப் போகும் மலச்சிக்கல், அதிக எடை. ஆண்களுக்கு முக்கியக் காரணம் புராஸ்டேட் அறுவை.

இருமினால், சிரித்தால், தூக்கினால் கசிவது ஒரு வகை. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குள் நுழைவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. இதில் சிறுநீர்ப்பை நேரமில்லா நேரத்தில் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். தூளி தொய்ந்து உறுப்பு கீழே வருவதை ‘அடி இறக்கம்’ என்று நம் பெண்கள் சொல்வார்கள்: மாலையானால் ஏதோ கனமாகத் தொங்குகிற உணர்வு, குளிக்கும்போது கைக்கு உருண்டையாக ஏதோ தட்டுப்படுவது. தொடக்க நிலை இறக்கத்தில் பயிற்சியால் அந்தக் கனமும் தொல்லையும் குறையும். வெளியே வந்து நிற்கும் இறக்கத்தைப் பயிற்சி மட்டும் மேலே ஏற்றாது.

அதிகம் பேசப்படாதது இறுக்கம். சிலருக்கு இந்தத் தசை பலவீனமாக இல்லை. ஓயாமல் இறுகியே இருக்கிறது. உடலுறவில் வலி, அல்லது உறவே முடியாத நிலை. சிறுநீர் விட்டு விட்டு, மெல்லிய தாரையாகப் போவது. முழுதாகப் போகாத உணர்வு. உட்கார்ந்தால் வால் எலும்பில் வலி. ஆண்களுக்கு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, கோல்ஃப் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோன்ற உறுத்தல். புராஸ்டேட்டில் கிருமி என்று ஆண்டிபயாடிக் மேல் ஆண்டிபயாடிக் சாப்பிட்டும், கல்ச்சர் பரிசோதனையில் கிருமியே இல்லாமல் அலைகிற ஆண்களில் பலருக்கு இந்த இறுக்கம் இருக்கும்.

இறுகிய தசையும் கசியவிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உள்ளங்கையை ஏற்கெனவே முஷ்டியாக மூடி வைத்திருப்பவரிடம் “இன்னும் மூடு” என்றால் என்ன செய்வார்? தும்மல் வரும் நொடியில் இறுகுவதற்கு அந்தத் தசையில் இடமே இல்லை. இவர்கள் கீகல் செய்தால் வலி கூடும், மலச்சிக்கல் கூடும், கசிவும் குறையாது. அதனால்தான் பயிற்சிக்கு முன் பரிசோதனை என்று வற்புறுத்துகிறோம்.

முதல் நாள் என்ன நடக்கும்

பெரும்பகுதி பேச்சுதான். எத்தனை பிரசவம், என்ன அறுவை, எப்போது கசிகிறது, எத்தனை பேட், மலம் எப்படிப் போகிறது, உறவில் வலி உண்டா. சர்க்கரை பற்றியும் கேட்பார்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையே அடிக்கடி சிறுநீர் போகவைக்கும், அதைச் சரிசெய்யாமல் தசையை மட்டும் பழக்கிப் பயனில்லை.

மூன்று நாள் குறிப்பு ஒன்று எழுதச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது, எப்போது கசிந்தது. அளக்க, மில்லிலிட்டர் கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். ஒரு தடவைக்கு 250 முதல் 400 மில்லி, பகலில் ஏழெட்டு முறைக்குள், இரவில் அதிகபட்சம் ஒரு முறை என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் என்றால், பை நிறையாமலே போய்ப் போய்ப் பழகிவிட்டது என்று பொருள். “வெளியே எங்கே டாய்லெட் கிடைக்கும், எதுக்கும் ஒரு தடவை போயிட்டே கிளம்புவோம்” என்கிற பழக்கம் நாளடைவில் இங்கே கொண்டுவந்து விடும்.

அடுத்து உடல் பரிசோதனை. இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். தசையின் பலத்தை நேரடியாக அறிய, கையுறை போட்டு, ஜெல் தடவிய ஒரு விரலால் பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகவும் ஆண்களுக்கு ஆசனவாய் வழியாகவும் பார்ப்பது வழக்கம். 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். எத்தனை நொடி பிடிக்கிறது, எத்தனை தடவை தாங்குகிறது, முழுதாக விடுகிறதா என்றும் குறிப்பார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே விளக்கி, உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். நடுவில் ‘போதும்’ என்றால் நிறுத்த வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கும், வேண்டாம் என்பவர்களுக்கும், வெளியிலிருந்து அசைவைப் பார்த்தோ அல்ட்ராசவுண்டிலோ கணிக்க வழி இருக்கிறது. விளக்கம் சொல்லாமல், சம்மதம் கேட்காமல் தொடுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தசையைக் கண்டுபிடிப்பது

அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியது 1948இல். அவர் வாயால் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. சரியாகச் செய்கிறார்களா என்று காட்டும் ஓர் அழுத்தமானியையும் சேர்த்தே பயன்படுத்தினார். பிற்காலத்தில் பயிற்சி பரவியது, அளந்து பார்ப்பது விட்டுப்போனது. விளைவு: 1991இல் வெளியான ஓர் ஆய்வில், வாய்ச்சொல்லால் மட்டும் கற்ற 47 பெண்களைச் சோதித்தபோது 23 பேர்தான் சரியாகச் செய்தார்கள். 12 பேர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில். மேலே தூக்குவதற்குப் பதில் கீழே முக்கினார்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று மூச்சு வயிறு எழும்ப இழுத்து விடுங்கள். பிறகு, நாலு பேர் நடுவில் வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயை மெல்லச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். ஆண்களுக்கு வேறொரு குறிப்பு எளிதாகப் பிடிபடும்: குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு இறங்கும்போது விதைகள் தாமாக மேலேறுமே, அதை வேண்டுமென்றே செய்வது. ஆணுறுப்பின் அடிப்பகுதி உள்ளே இழுபடும்; கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

சரியா என்று சோதிக்க, உள்ளாடைக்கு மேலாக ஆசனவாய்க்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் விரலை விட்டு உள்ளே விலகினால் சரி. விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் முக்குகிறீர்கள், நிறுத்திவிடுங்கள். பின்புறமோ தொடையோ இறுகினால் வேறு தசை வேலை செய்கிறது. மூச்சு நின்றால், வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள். பேசிக்கொண்டு மூச்சை அடக்க முடியாது.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்துவதைப் பயிற்சியாகச் செய்யச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள ஒழுங்கு குலையும். பையில் சிறுநீர் தேங்கும்.

யோகாவில் மூலபந்தம் கற்றவர்கள் ‘அதுதானே இது’ என்பார்கள். தசை ஏறக்குறைய அதேதான். ஆனால் அங்கே மூச்சை நிறுத்திச் செய்வது உண்டு. இங்கே மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு, எத்தனை நாள்

தளர்ச்சிதான் என்று உறுதியானவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சொல்வது: ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளைக்கு 3 வேளை, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம். உங்கள் தொடக்கப் புள்ளி பரிசோதனையில் தெரிந்த அளவுதான். 3 நொடிதான் பிடிக்க முடிகிறதென்றால் 3 நொடி பிடித்து, குறைந்தது அதே அளவு நேரம் முழுதாக விட வேண்டும். முழுதாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தசையை லிஃப்டாக நினைத்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை இறங்கி நிற்காமல் நடுவிலேயே மறுபடி ஏறினால் அடுத்த சுருக்கத்துக்குப் பலம் இருக்காது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நொடி கூட்டி 10 நொடி வரை போகலாம். நீண்ட பிடிகள் முடிந்ததும், ஒரு நொடியில் சட்டென்று சுருக்கி விடும் குட்டிச் சுருக்கங்கள் எட்டிலிருந்து பத்து. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. கசிவது பெரும்பாலும் நிற்கும்போதுதான். படுத்தே பழகிய தசை அங்கே கைகொடுக்காது.

இதைவிடச் சீக்கிரம் பலன் தருகிற ஒரு தந்திரம் உண்டு: இருமல், தும்மல், தூக்கல் இவற்றுக்கு ஒரு நொடி முன்பே சுருக்குவது. தண்ணீர் கேன் என்றால், உடம்போடு ஒட்டிப் பிடித்து, கீழே சுருக்கி, மூச்சை வாயால் விட்டுக்கொண்டே தூக்குவது. கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும். அடி இறக்கம் உள்ளவர்கள் அதைத் தூக்கவே வேண்டாம், சாய்த்து உருட்டட்டும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். இரண்டு வாரம் செய்துவிட்டு ‘எனக்குச் சரிப்படலை’ என்று விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியோ லேசான மின்சாரத்தால் தசையைச் சுருங்கவைக்கும் மின் தூண்டலோ சேர்ப்பார்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் மின் தூண்டல் கூடாது. ஆன்லைனில் விற்கும் கருவியைப் பரிசோதனைக்கு முன்பே வாங்குவது வீண் செலவு.

இறுக்கத்துக்கு வேறு பாடம்

இங்கே சுருக்கமே இல்லை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில் வைத்துப் படுத்து, மூச்சை இழுக்கும்போது வயிறும் ஆசனவாய்ப் பகுதியும் மெல்ல விரிவதைக் கவனிப்பது. ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. மண்டியிட்டு, முழங்காலை அகட்டி, நெற்றியைத் தரையில் வைக்கும் குழந்தை ஆசனம். வாசலில் கோலம் போடக் குந்துகிறோமே, அந்தக் குந்தலும் இந்தத் தசையை விரித்துக் கொடுக்கும். முட்டி வலியோ இறக்கமோ இருப்பவர்கள் மட்டும் அதைத் தவிர்க்கலாம். பிசியோதெரபிஸ்ட் இறுகிய முடிச்சுகளை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் அழுத்தித் தளர்த்துவார். உறவில் வலி இருப்பவர்களுக்குச் சிறியதிலிருந்து பெரியதாகப் போகும் டைலேட்டர்கள் (பிறப்புறுப்பை மெல்ல விரித்துப் பழக்கும் குச்சிகள்) உண்டு. அவசரப்படுத்தினால் தசை மறுபடி பூட்டிக்கொள்ளும்.

ஆண்களுக்கு மட்டும்

புராஸ்டேட் அறுவை தேதி குறித்துவிட்டால், பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. வலியும் வீக்கமும் இருக்கும்போது புதிதாகத் தசையைத் தேடுவது சிரமம். அறுவைக்குப் பின் சிறுநீர் போக வைத்த குழாய் உள்ளே இருக்கும்வரை செய்யக்கூடாது. எடுத்ததும், மருத்துவர் சரி என்றதும் தொடங்கலாம். முதலில் இரவுக் கசிவு நிற்கும், பிறகு உட்கார்ந்திருக்கும்போது. நடக்கும்போதும் மாலைக் களைப்பிலும் கசிவது கடைசியில்தான் போகும். அதனால் மாலையில் பேட் நனைவதைப் பார்த்துச் சோர்ந்துவிடக்கூடாது.

போன பிறகு சொட்டும் பிரச்சினைக்கு எளிய வழி: முடித்ததும் ஒருமுறை பலமாகச் சுருக்குங்கள். பிறகு விதைப்பைக்குப் பின்னால் விரல் நுனிகளை வைத்து, முன்னோக்கி மெல்ல அழுத்தி வழியுங்கள். சிறுநீர் வழியில் தங்கியது வெளியே வந்துவிடும். விறைப்புக் குறைபாட்டுக்கும் இந்தத் தசைக்கும் தொடர்பு உண்டு. பிரிட்டனில் இந்தப் பயிற்சி செய்த 55 ஆண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேர் இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள். சர்க்கரை, இதயம், ரத்தக் குழாய் சோதனைகளை இதைக் காட்டித் தவிர்க்கலாகாது.

கழிப்பறைப் பழக்கங்கள்

முட்டிக்கொண்டு வரும்போது ஓடாதீர்கள், ஓடினால் கசியும். நின்ற இடத்தில் நின்று, ஐந்தாறு குட்டிச் சுருக்கம் போட்டு, குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அந்த உந்துதல் அலை மாதிரி. ஏறித் தானாக இறங்கும். இறங்கியதும் நிதானமாக நடந்து போங்கள். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கிற நொடியில் முட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு முறைக்கு நடுவே உள்ள இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடமாகக் கூட்டிப் பழக, குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள்.

சென்னை வெயிலில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது தலைகீழ் வைத்தியம். அடர்ந்த மஞ்சள் சிறுநீர் பையை எரிச்சலூட்டும், மலமும் இறுகும். குறைக்க வேண்டியது காபியை. நாளைக்கு நாலு டம்ளர் ஃபில்டர் காபி என்பவர்கள் ஒன்றாக்கிப் பார்க்கலாம்.

பொதுக் கழிப்பறையில் சீட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்று போகும் பெண்கள் கவனிக்க: அந்த நிலையில் தொடையும் தளமும் இறுகியே இருக்கும், பை முழுதாகக் காலியாகாது. டிஷ்யூ விரித்தாவது உட்காருங்கள். மலம் கழிக்க இந்தியக் கழிப்பறையின் குந்தலே நல்லது. வெஸ்டர்ன் என்றால் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலியில் பாதங்களை வைத்து, முழங்கால் இடுப்பை விட உயரும்படி முன்சாய்ந்து உட்கார்ந்தால் மடங்கிய குடல் நேராகும்.

பிரசவம் ஆனவர்களுக்கு

சிசேரியன் ஆனவர்களுக்கு இது தேவையில்லை என்பது தவறு. மாதக்கணக்கில் பாரத்தைத் தாங்கியது அதே தூளிதான். சிறுநீர்க் குழாயை எடுத்து, சிறுநீர் இயல்பாகப் போகத் தொடங்கியதும், வலியில்லாத அளவுக்கு மெல்லிய சுருக்கங்களைப் படுத்தபடியே செய்யலாம். ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போட்டிருந்தால் கட்டாயம் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். ஆறு வாரம் குழந்தையை விடக் கனமானது எதையும் தூக்க வேண்டாம். பழைய வேட்டியால் வயிறு கட்டுகிறார்கள் என்றால், இதமான தாங்கலாக இருக்கட்டும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கும். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைத்தால் மலச்சிக்கல்தான் வரும், தையல் போட்ட இடத்தில் முக்க வேண்டியிருக்கும். பெரியவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது வாதாடலாம்.

சென்னையில் எங்கே தொடங்குவது

பெண்கள் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலோ திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலோ மகளிர் நலப் பிரிவில் தொடங்கலாம். ஆண்களுக்கு சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவு. “யூரின் லீக் ஆகுது, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க” என்று நேராகவே கேளுங்கள். தனியாரிடம் போனால், பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) முடித்தவரா, இந்தத் துறையில் தனிப் பயிற்சி எடுத்தவரா, ஆண்களையும் பார்ப்பாரா என்று போனிலேயே விசாரித்துவிடுங்கள். இடுப்பு வலிக்கு எலக்ட்ரோடு ஒட்டுகிற எல்லா கிளினிக்கிலும் இது தெரிந்திருக்காது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு என்றால் முதலில் மருத்துவர், பிறகுதான் பிசியோ. திடீரென்று சிறுநீர் வராமல் அடைத்து, தொடை இடுக்கு மரத்து, கால் தளர்ந்தால் தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் அதே மூன்று நாள் குறிப்பை மறுபடி எழுதி, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் அசையவில்லை என்றால் மறுபரிசோதனை. தசை தவறா, கணக்கு தவறா என்று அப்போது தெரியும். அதன் பிறகும் நிற்காத கசிவுக்குத் தாங்கு பட்டை வைக்கும் அறுவை உண்டு, இறக்கத்துக்கு ரிங் பெசரி (உறுப்பைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம்) உண்டு. இன்னொரு குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களுக்கு அறுவையைத் தள்ளிப்போட்டு, அதுவரை பெசரியும் பயிற்சியுமாகச் சமாளிக்கச் சொல்வதே வழக்கம்.